அமிலத்தில் போட்ட கோடு

துபாய் தேராவில் ஒரு பழம்பொருள் கடையில் என் முதல் ஜப்பானிய வாளை வாங்கினேன். உறையில் தங்க டிராகன்; வாளின் கூர்விளிம்போரம் அலையலையாக வெள்ளைக் கோடு. ஷார்ஜா வீட்டு ஹாலில் நானும் மனைவியும் அதை மாறி மாறிப் பிடித்துப் பார்த்தோம்.

பிறகு படிக்கத் தொடங்கினேன். காய்ச்சிய எஃகைத் தண்ணீரில் தோய்க்கும்போதுதான் அந்தக் கோடு பிறக்கும். என் வாளில் அதைப் போலியாக அமிலத்தால் போட்டிருந்தார்கள். ஹால் சுவரில் மாட்டியிருந்த வாளைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

போன மாதம் அலங்காரமில்லாத, அசலான பழைய வாள் ஒன்று வாங்கினேன். மனைவியிடம் அரைமணி நேரம் விளக்கினேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "முன்னாடி வாளைக் காட்டுவீங்க. இப்ப பாடம் நடத்துறீங்க."

எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் அவள் சமையலறைக்குப் போனதும், என்னையறியாமல் அந்த வாளிலும் குறை தேடத் தொடங்கியிருந்தேன்.