நிமிர்த்திய முனை

மார்ஜின் டீச்சர் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. இருபத்திரண்டு வருடமாக மொழிப் பாடம். கட்டுரையின் ஓரத்தில் மார்க்கைவிட நீளமாகக் குறிப்பு எழுதுவார். "யானைக்கு நாலு வரி, வாலுக்கு எட்டு வரியா? யானை கோபித்துக்கொள்ளும்" என்கிற மாதிரி. திட்டு வாங்கிய பிள்ளையே அதைப் பக்கத்து பெஞ்சுக்குக் காட்டிச் சிரிக்கும்.

அவர் வகுப்பில் எங்கும் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. டீச்சரிடம் தனியாகச் சொல்ல ஏதாவது இருந்தால் கட்டுரைக்கு அடியில் எழுதி, தாளின் கீழ்முனையை மடித்துவிட வேண்டும். டீச்சர் படித்து, பதில் எழுதி, முனையை நிமிர்த்தித் தருவார். முனை நிமிர்ந்திருந்தால் டீச்சர் படித்துவிட்டார் என்று அர்த்தம். கண்ணாடி போட வெட்கமாக இருக்கிறது, பின்னால் இருப்பவள் கிள்ளுகிறாள், வீட்டில் சண்டை, எல்லாம் அந்தச் சின்ன முக்கோணத்துக்குள் வந்து ஒளிந்துகொள்ளும். அடுத்தவர் மடிப்பை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

பள்ளிக்கு ஏ.ஐ. வந்தபோது முதலில் கைதட்டியவரும் இவர்தான். நான்கு வகுப்பு, வாரம் நூற்று எண்பது கட்டுரை. ஞாயிற்றுக்கிழமை காலண்டரில் மட்டும்தான் சிவப்பாக இருந்தது. பேனாவைப் பிடித்தாலே மணிக்கட்டு தீயாக எரிந்தது. "அம்மா, என்னையும் ஒரு நோட்டுன்னு நினைச்சுக்கோயேன், அப்பவாவது பிரிச்சுப் பார்ப்பே" என்று மகள் ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

எனவே பழைய குறிப்புகளில் மூவாயிரத்தை உட்கார்ந்து ஊட்டினார். பதினைந்தே நாளில் இயந்திரம் அவர் குரலில் பேச ஆரம்பித்தது. அவர் கையெழுத்தின் சாயலிலேயே குறிப்புச் சீட்டும் அச்சடித்தது.

"உங்க மாமியாரே வந்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது டீச்சர்" என்றார் கணக்கு வாத்தியார்.

"அவங்க இருந்தவரைக்கும் நான் செஞ்சது எதையும் நான் செஞ்சதுன்னு ஒத்துக்கிட்டதே இல்ல சார்."

பிள்ளைகளிடம் எதையும் மறைக்கவில்லை. "அது எழுதும். ஆனா ஒவ்வொண்ணையும் நான் ஒரு தடவை படிச்சுட்டுத்தான் தருவேன்" என்று வாக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது உண்மையாகத்தான் கொடுத்தார்.

கட்டுரைகளை இயந்திரத்துக்குக் காட்டும் ஸ்கேனருக்கு ஒரு வீம்பு. மடிந்த தாளை விழுங்காது, கடகடவென்று கத்திவிட்டு நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு கட்டுரைக் கட்டையும் எடுத்து, மடிந்த முனைகளை இரும்பு ஸ்கேலால் தேய்த்து நிமிர்த்தி உள்ளே விடுவார். முதல் மாதம் படித்துப் படித்துத்தான் நிமிர்த்தினார். அப்புறம் ஆய்வுக் குழு வந்தது, மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் தலையில் விழுந்தது. கண் விலகிக்கொண்டது, கை மட்டும் வேலையைத் தொடர்ந்தது. டீயை உறிஞ்சிக்கொண்டே, கணக்கு வாத்தியார் அடிக்கும் ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டே, வெங்காயம் உரிப்பதுபோல நிமிர்த்திப் போட்டார். ஞாயிறுகள் திரும்பி வந்தன. மகளோடு கடைக்குப் போனார், செருப்பு வாங்கினார்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், பட்டப்பெயர் அரைவரி. எதைக் கேட்டாலும் அரை வரிக்கு மேல் எழுதமாட்டாள், பேசவும்மாட்டாள். ஒரு வாரம் அவள் இடம் காலியாகவே கிடந்தது. பக்கத்தில் உட்காருகிறவளைக் கேட்டார்.

"அவ அத்தை வீட்டுக்குப் போயிட்டா டீச்சர். இனிமே வரமாட்டா."

"என்னடி சொல்றே? யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

அந்தப் பெண் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களுக்குத்தான் முதல்ல எழுதினா டீச்சர். நீங்ககூட பதில் போட்டீங்களே."

டீச்சர் வேகமாக வெளியே வந்தார். கம்ப்யூட்டர் அறைக்குப் போய்த் தேடினார். அரைவரி அன்று முழுப் பக்கம் எழுதியிருந்தாள். அதன் அடியில் இது:

'டீச்சர், அத்தையோட ரெட்டைக் குழந்தைங்களைப் பார்த்துக்க என்னை அனுப்பப் போறாங்க. படிப்பு நின்னுடும். நீங்க வந்து வேண்டாம்னு சொன்னா அனுப்பலைன்னு அப்பா சொல்லிட்டார். வெள்ளிக்கிழமைக்குள்ள வாங்க டீச்சர்.'

அதற்குக் கீழே அவருடைய குரலில், அவருடைய கையெழுத்தில் பதில்: 'அடடே, உணர்ச்சி நன்றாக வந்திருக்கிறதே! முடிவில்தான் அவசரப்பட்டுவிட்டாய். அடுத்து என்ன நடந்தது என்று எழுதியிருந்தால் இன்னும் நிறைவாக இருந்திருக்கும்.'

திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அழுத்தினால் 'ஆசிரியர் உடனே பார்க்கவும்' என்றிருந்தது. இயந்திரம் தன் பங்குக்குக் கதவைத் தட்டத்தான் செய்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இன்னும் பதினெட்டுப் புள்ளிகள் காத்துக்கொண்டிருந்தன. அப்படி ஒரு பட்டியல் இருப்பதை மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான்.

அரைவரியின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அவள் அம்மா வீட்டுவேலைக்கு வெளிநாடு போய் இரண்டு வருடம். கிரீஸ் படிந்த கையைத் துணியில் துடைத்தபடி கதவைத் திறந்தவர், டீச்சரைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க டீச்சர். நாலு நாள் இந்த நாற்காலிலதான் உக்காந்திருந்தா, வாசலைப் பார்த்துக்கிட்டு. சாயங்காலம் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்துப்பா."

"இப்ப சொல்றேன். அவளைக் கூட்டிட்டு வந்துடுங்க."

"எந்த முகத்தோட கேக்கறது? அக்கா குழந்தைங்களைப் பார்த்துக்கிட்டிருந்த ஆயாவையும் நிறுத்திட்டா. எனக்கும் அனுப்ப மனசில்ல டீச்சர். அக்காகிட்ட வேண்டாம்னு சொல்ல ஒரு சாக்குதான் தேடினேன். நீங்க வரலை. படிச்சவங்களே சரின்னு விட்டுட்டாங்கன்னா நான் எந்த மூலைக்குன்னு..."

போனில் மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். பின்னணியில் இரண்டு குழந்தைகள் மாறி மாறி வீறிட்டன.

"டீச்சர்? பரவாயில்ல டீச்சர். உங்களுக்கு வேலை இருந்திருக்கும். படிச்சீங்கல்ல, அதுவே போதும்."

'படிச்சேன்மா' என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் அவர் தெரிந்தே வராதவர்.

"நான் படிக்கலம்மா" என்றார்.

அந்தப் பக்கம் அவள் குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அரைவரி கேட்டாள், கோபமே இல்லாமல்:

"அப்ப முனையை யார் டீச்சர் நிமிர்த்தினாங்க?"

"நான்தாம்மா."

"ஓ" என்றாள். யாரோ அதட்டிக் கூப்பிடும் சத்தம். போன் நின்றது.

மறுநாளிலிருந்து டீச்சர் அலையாய் அலைந்தார். தலைமையாசிரியை கடிதம் எழுதினார், அத்தை போனை எடுக்கவில்லை. பதினெட்டுப் புள்ளிகளையும் திறந்து படித்தார். பதினொன்றுக்குக் காலம் கடந்துவிட்டிருந்தது. வகுப்பில் நின்று நடந்ததை மறைக்காமல் சொல்லி, இனி ஒவ்வொன்றையும் தானே படிப்பதாகச் சொன்னார். பிள்ளைகள் மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள்.

திங்கட்கிழமை கட்டு வந்தது. ஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நூற்று எழுபத்தொன்பது தாள். எல்லாம் கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்ததுபோலச் சமமாக இருந்தன.

ஸ்கேனர் ஒருமுறைகூட நிற்கவில்லை.