ஐந்தாவது புடவை

கே.ஜி.கண்டிகைக்குப் போய்க் கோவிந்தம்மாள் வீடு எது என்று கேட்டால் எந்தக் கோவிந்தம்மாள் என்பார்கள். "பட்டுப்பொடவ கோயிந்தம்மா" என்று கேட்க வேண்டும். உடனே சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் காட்டுவார்கள். அவள் ஜன்மத்தில் பட்டு கட்டியதில்லை. கலியாணத்துக்கே நூல் புடவைதான். அந்தப் பட்டத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்த மகானுபாவன் நான்.

என் பேர் துரைக்கண்ணு. பொதட்டூர்பேட்டை நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். தறியில் உட்கார எனக்குப் பொறுமை போதாது. நூல் அறுந்தால் நூலையே திட்டுகிற ஆள். கலியாணமானதும் திருத்தணி மலையடிவாரத்தில் குடித்தனம் வைத்துவிட்டு, மெட்ராசில் இஸ்திரி வண்டி போட்டேன். கீழ்ப்பாக்கத்தில் ஒரு பங்களாத் தெரு, ஒரு வேப்பமரம், ஒரு கரிப்பெட்டி. விடியற்கால ரயிலில் போவேன், சாயங்கால ரயிலில் திரும்புவேன். அந்த ரயிலில் பால்காரர், பூக்காரி, கொத்துவேலைக்காரர், வீட்டுவேலை செய்கிறவர்கள் எல்லாம் நசுங்கிக்கொண்டு வருவோம். காலையில் எங்களை உள்ளே விட்டுக்கொள்கிற மெட்ராஸ் பொழுது சாய்ந்ததும் வெளியே தள்ளிவிடும். பங்களாவில் நாய்க்குத் தனி அறை உண்டு. எங்களுக்கு ராத்தங்க ஒரு திண்ணை அளவு இடம் கிடையாது.

இஸ்திரிக்காரனுக்கு ஒரு தெருவின் பீரோ முழுக்கத் தெரியும். எந்த வக்கீலுக்குக் காலர் கிழிசல், எந்த வீட்டு மருமகளுக்குப் புதுத்துணி வருவதேயில்லை, எல்லாம் என் பெட்டிக்கடியில்தான் வரும். அந்தத் தெருவில் பெரிய வீடு கஜபதி ஐயாவுடையது. இரும்பு வியாபாரம். அவர் சம்சாரம் வள்ளிநாயகி அம்மாளுக்குப் பட்டு மட்டும் நாற்பது இருக்கும். அந்த வீட்டில் வேலைக்கு ஆள் வேண்டும் என்றபோது, நான்தான் கோவிந்தம்மாளைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

கண்டிகையில் எனக்குத் தெரிந்தவன் தங்கை அவள். புருஷன் கல்குவாரியில் செத்துப்போனான். எட்டு வயசில் காஞ்சனா என்று ஒரே பெண். பெண்ணை நாத்தனாரிடம் விட்டுவிட்டு ரயிலேறி வந்தாள். வாயாடி. ரயிலில் யார் இடித்தாலும், "ஏன்யா, மலைமேல கூட்டம் பத்தலன்னு இங்க வந்து இடிக்கிறியா?" என்று சண்டைக்குப் போவாள். ஆனால் வேலையில் சுத்தம். என் வண்டிக்குத் துணி மூட்டை கொண்டுவந்தால் ஒவ்வொன்றாக எண்ணிப் போடுவாள், எண்ணித்தான் எடுத்துப் போவாள். "நான் என்ன உன் துணியத் தின்னுடுவேனா?" என்று கேலி செய்வேன். "எண்ணாத கைக்குத்தாண்ணா கெட்ட பேரு வரும்" என்பாள்.

எழுபத்து நாலாம் வருஷம் தை மாசம். என் மகள் வரலட்சுமியைப் பார்க்க நகரியிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளைக்குக் கரண்ட் ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். என் வீட்டில் பட்டு என்று ஒரு நூல்கூடக் கிடையாது. என் சம்சாரம் மணியம்மை, "மானத்த வாங்காதே, பக்கத்து வூட்ல கேட்டுப் பாக்கறேன்" என்றாள். பக்கத்து வீட்டுப் புடவையைக் கட்டினால் பக்கத்து வீட்டுக்காரி நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு தன் புடவையையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு ஆத்திரம் வந்தது. தினமும் இத்தனை பட்டைத் தேய்க்கிற கைக்கு ஒரு நாளைக்கு ஒரு புடவை கிடைக்காதா?

சனிக்கிழமை காலை கோவிந்தம்மாள் ஐந்து பட்டு கொண்டுவந்தாள். சொந்தத்தில் கலியாணமாம், புதன்கிழமை. அதில் ஒன்று மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. துணி போட்டு மேலே தேய்க்கும்போதே வரலட்சுமி முகம் வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் கோவிந்தம்மாள் வந்தபோது நான்கைத்தான் கொடுத்தேன்.

எண்ணினாள். "அஞ்சு குடுத்தேன், நாலு கீது?"

"ஒண்ணுல ஒரு கறை கீது. எடுத்துட்டு திங்கக்கெழம தரேன். அம்மா கேட்டா அப்படியே சொல்லு."

"திங்கக்கெழம மறக்காதண்ணா" என்று சொல்லிப் போய்விட்டாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் கறையைக் காட்டு என்று கேட்டிருப்பாள். நான் வேலை வாங்கிக் கொடுத்தவன். கேட்கவில்லை.

நாற்பது புடவைக்காரிக்கு ஒரு புடவை ரெண்டு நாள் கண்ணில் படாவிட்டால் தெரியப்போகிறதா என்பது என் கணக்கு. ஏழை போடுகிற முட்டாள் கணக்கு அது. இருக்கிறவர்கள் எண்ணாமலா இருக்கிறவர்களாக இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை வரலட்சுமி அதைக் கட்டிக்கொண்டு, "எப்படி கீது நைனா?" என்று வந்து நின்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குத் திருட்டு என்ற நினைப்பே இல்லை. அவர்களும் பார்த்ததுமே சரி என்றார்கள். தட்டு மாற்ற நாள் குறித்தார்கள். அப்போது மாப்பிள்ளையின் அக்கா குழந்தை ஓடிவந்து காபி டம்ளரைத் தட்டியது. முந்தானை முழுக்கக் காபி. மணியம்மை பதறிப்போய்க் கிணற்றடியில் அலசினாள். அரக்குச் சாயம் இறங்கி மயில்கழுத்தில் ஏறிவிட்டது. சாண் துணியைக் காப்பாற்றப் போய் முழத் துணி போயிற்று.

திங்கட்கிழமை சென்ட்ரலில் இறங்கியதும் கோவிந்தம்மாள் ஓடிவந்தாள். "அண்ணா, கொண்டாந்துட்டியா? நேத்தே அம்மா ஜாக்கெட்டுக்குப் பொருத்தம் பாக்க எடுத்தாங்க. நாலுதான் கீதுன்னு கத்தினாங்க. உன்கிட்ட கீதுன்னு சொல்லிட்டேன்."

"ஆங், ஆங்" என்றேன். பஸ்ஸில் அவள் பக்கம் திரும்பவில்லை.

வண்டியில் கரி போடுவதற்குள் வாட்ச்மேன் வந்து கூப்பிட்டான். போர்டிகோவில் வள்ளிநாயகி அம்மாள் நின்றார்கள். அவர்கள் அம்மா சீராகக் கொடுத்த புடவையாம் அது. பக்கத்தில் கோவிந்தம்மாள் ஈரக் கையோடு நின்றாள். நான் வந்துவிட்டேன், இனிக் கவலை இல்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது.

"துரைக்கண்ணு, மயில்கழுத்துப் பட்டு உங்கிட்டயா இருக்கு?"

சொல்லியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். நாலு அடி கிடைத்திருக்கும், தெருவை விட்டுத் துரத்தியிருப்பார்கள், வேறு தெருவில் வேறு வேப்பமரம் கிடைக்காதா? மகள் வாழ்க்கைக்காகச் செய்தேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பொய். பயம், அவ்வளவுதான்.

"அஞ்சும் குடுத்துட்டேம்மா. எண்ணித்தாம்மா குடுத்தேன்."

கோவிந்தம்மாள் என்னைப் பார்த்தாள். ரயிலில் இடித்தவனை விடாமல் சண்டை போடுகிறவள் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டான், இப்போது திருத்திவிடுவான் என்று காத்திருந்தாள் போல. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பையைக் கொட்டச் சொன்னார்கள். டிரைவர், வாட்ச்மேன், சமையல்காரர் எல்லாரும் பார்க்கக் கொட்டினாள். மிச்ச சாம்பார் சாதத்துக்கு ஒரு அலுமினியத் தூக்கு, ரயில் பாஸ், காகிதத்தில் சுற்றின ஒரு துண்டு சோப்பு. குளியலறையில் கரைந்துபோய்த் தூக்கிப் போட வேண்டிய சில்லு அது. காஞ்சனாவுக்கு வாசனை சோப்பென்றால் ஆசை.

"சோப்ப எடுத்தவ பொடவைய எடுக்க மாட்டாளா?" என்றார்கள் அந்த அம்மாள்.

அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாலும் எடுபடாது. போலீசுக்குப் போகாமல் விட்டதே பெரிய தர்மம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தூக்கை எடுத்துக்கொண்டு என் வண்டியைத் தாண்டிப் போனாள். நின்று ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். பாவி, திட்டவில்லை. அந்தத் தெருவில் மட்டுமில்லை, ரயிலில் வந்த மற்ற வேலைக்காரிகள் வாயால் சேதி கண்டிகைக்கும் போய்ச் சேர்ந்தது. பட்டுப்பொடவ கோயிந்தம்மா என்று பேர் விழுந்தது. அதன்பிறகு அவள் ரயிலேறவில்லை. கரும்பு வெட்டவும் வேர்க்கடலை பிடுங்கவும் போனாள்.

வரலட்சுமி கலியாணம் நன்றாக நடந்தது. அந்தப் புடவையை டிரங்குப் பெட்டியில் அடியில் போட்டேன். எரிக்கவும் மனசு வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் துணிச்சல் இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு மலைமேல் போய் மொட்டை அடித்துக்கொண்டேன். மயிர் வளர்ந்துவிட்டது. கண்டிகைப் பக்கம் பஸ் போனால் அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார மாட்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

பத்து வருஷம் ஆயிற்று. எண்பத்து நாலில் முழங்கால் பிடித்துக்கொண்டதால் மெட்ராசை விட்டுவிட்டு, வீட்டு வாசலிலேயே வண்டி போட்டேன். ஒரு நாள் மத்தியானம் கையில் ஒரு மஞ்சள் பையோடு கோவிந்தம்மாள் வந்து நின்றாள். இளைத்துக் கறுத்துப் போயிருந்தாள். கையெல்லாம் கரும்புச் சோகை கீறின தழும்பு.

"நல்லா கீறியாண்ணா? வரலட்சுமி நல்லா கீதா?"

"ஆங். ரெண்டு புள்ளைங்க."

"காஞ்சனாவப் பாக்க நாளைக்கி வராங்கண்ணா. மணவூர் பையன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்தப் பொடவ இன்னும் கீதா? ஒரு நாளைக்கிக் குடு. பேரு எனக்கு, பொடவ உனக்கா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பழைய வாயாடிச் சிரிப்பு. எல்லாம் தெரிந்தே பத்து வருஷம் இருந்திருக்கிறாள். ஆனாலும் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. கொடுத்துவிடலாம், இதோ கொடுத்துவிடலாம். உள்ளே ஓடி, டிரங்கைக் கவிழ்த்து, புடவையைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தேன்.

காபிக்கறையும் சாயமும் முந்தானையில்தான், உள்ளே மடித்துக் கட்டினால் தெரியாது என்றேன். அவள் முனையைப் பிடித்து உதறினாள். புடவை விரியவில்லை. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பட்டை பட்டையாகத் தரையில் விழுந்தது.

பட்டுப் புடவையை மாற்றி மாற்றி மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால் மடிப்பிலேயே இற்றுவிடும். ஊரெல்லாம் புத்தி சொல்கிற இஸ்திரிக்காரன் நான், எனக்குத் தெரியாதா? அதன் முகத்தில் விழிக்கக் கூசிக்கொண்டு பத்து வருஷம் அதைத் தொடவேயில்லை.

கோவிந்தம்மாள் குனிந்து துண்டுகளைப் பொறுக்கி வண்டிமேல் வைத்தாள். "யாருக்குமே ஒதவலியேண்ணா" என்றாள்.

மணவூர்க்காரர்களிடம் நானே வந்து நடந்ததைச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்தது. வரலட்சுமியின் மாமியார் முகம் ஞாபகம் வந்தது. இரண்டாம் தடவையும் நான் அவளுக்காக வாயைத் திறக்கவில்லை.

அவள் மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய வாயில் நூல் புடவையை எடுத்தாள். நான் இப்படித்தான் இருப்பேன் என்று தெரிந்தே கொண்டுவந்திருக்கிறாள்.

"இத்தயாவது தேச்சுக் குடு."

கரியை ஊதிப் பெட்டியைச் சூடாக்கி, தண்ணீர் தெளித்து, இத்தனை வருஷத்தில் எந்தப் பட்டையும் தேய்க்காத பதனமாக அந்த வாயில் புடவையைத் தேய்த்தேன். கண்ணீர் அதன்மேல் விழுந்து உடனே காய்ந்தது. மடித்து நீட்டினேன்.

கோவிந்தம்மாள் இரண்டு கையாலும் வாங்கினாள். என் முகத்தைப் பார்த்தபடியே அதன்மேல் விரலை வைத்தாள்.

"ஒண்ணு" என்று எண்ணினாள். "சரியா கீதுண்ணா."

பையில் போட்டுக்கொண்டு கண்டிகை பஸ்ஸுக்கு நடந்தாள்.