சர்க்கரை ருசிக்காத எலிகள்

லுவோ சுன்யானுக்கு எலி என்றாலே பயம். அவளுக்குப் போய் எங்கள் மருத்துவக் கல்லூரி எலி அறையில் வேலை கிடைத்தது. கூண்டு கழுவுகிற நான்தான் முதல் வாரம் துணைக்கு நின்றேன். ஆறாவது மாதம் அவள் எலிகளோடு பேச ஆரம்பித்துவிட்டாள். முன்பு வேலை பார்த்த நெசவாலை மூடிய பிறகு யாரோடும் அவ்வளவு பேசியதில்லையாம்.

ஆராய்ச்சி, பெங் ரூய் என்ற மாணவனுடையது. கூண்டைச் சாய்ப்பது, படுக்கைக்குப் பரப்பிய மரத்தூளை நனைப்பது என்று ஆறு வாரம் எலிகளைப் படுத்தியெடுப்பான். மனம் ஒடிந்த எலி சர்க்கரைத் தண்ணீரைத் தேடாது, பச்சைத் தண்ணீரே போதும் என்றிருக்கும். பாதி எலிகளுக்கு மலைவேர்ச் சாறு கொடுப்பான், மீதிக்கு எதுவும் கிடையாது. சாறு குடலில் நல்ல கிருமிகளைப் பெருக்கும், அதனால் மனசும் தேறும் என்பது அவன் கட்சி. அதைக் காட்ட ஒவ்வொரு புழுக்கையாகப் பொறுக்கிக் குப்பியில் போடுவான். "பெத்தவங்க இதுக்கா படிக்க வெச்சாங்க?" என்று கிண்டல் பண்ணுவேன். சிரிப்பான்.

கடைசியில் சாறு குடித்த வரிசை, குடிக்காத வரிசை இரண்டுமே சர்க்கரைத் தண்ணீரைக் காலி பண்ணின; சாற்றால் ஒரு வித்தியாசமும் இல்லை என்றாகிவிட்டது. மெதுவாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத எங்கள் பேராசிரியர், "அந்த வேரைத் தூக்கிக் குப்பையில போடு" என்றார். இரண்டு வருஷ உழைப்பு. பெங் ரூய் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்தினான். படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே போகிறேன் என்றான்.

சுன்யான் என்னை மூலைக்கு இழுத்தாள்.

"அண்ணே, நான்தான் கெடுத்துட்டேன். மருந்தில்லாத வரிசைக்கிட்ட தினம் காலையில உட்காருவேன். முதுகைத் தடவிக் கொடுப்பேன்."

"அதென்ன அந்த வரிசைக்கு மட்டும்?"

"மத்ததுக்குத்தான் மருந்து இருக்கே."

"வாயைத் திறக்காதே, வேலை போயிடும்" என்றேன். என் புத்தி அவ்வளவுதான்.

"ஆலை மூடின வருஷம் எனக்கும் இனிப்பு தெரியலண்ணே. பக்கத்து வீட்டு ஹுவாங் அக்கா தினம் வந்து சும்மா உட்காருவா. ஒரு புத்திமதி சொன்னதில்ல."

அன்றைக்கே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பேராசிரியர் கத்திய கத்தலில் எலிகளே மிரண்டிருக்கும். சோதனையை மறுபடி செய்ய அனுமதி கிடைத்தது. சுன்யானுக்கு எலி அறை மூடப்பட்டது. என்னோடு கூண்டு கழுவ வந்தாள்.

வேர் குப்பைக்குப் போகாமல் பிழைத்துவிட்டது. பையன்தான் தேறவில்லை. வேலை செய்தான், ஆனால் சிரிக்கவில்லை, சாப்பிடவில்லை. சுன்யான் தினமும் மதியம் புளித்த அரிசிக் கஞ்சியில் முட்டை உடைத்து, சர்க்கரை போட்டுக் கொண்டுவருவாள்.

"ருசி ஒண்ணும் தெரியலக்கா" என்று இரண்டு கரண்டியோடு வைத்துவிடுவான். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எனக்கோ எரிச்சலாக வரும். நான்கு நல்ல வார்த்தை சொன்னால்தான் என்ன?

மூன்றாவது வாரம் ஒரு மதியம் முகத்தைச் சுளித்தான்.

"அக்கா, இன்னிக்கு சர்க்கரை ஜாஸ்தி."

சுன்யான் சட்டென்று எழுந்து குழாயடிக்குப் போனாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். என் கண்ணும் நிறைந்துவிட்டது. அதை மறைக்க, "ஜாஸ்தின்னா இங்க கொண்டா, நான் குடிக்கிறேன்" என்று கையை நீட்டினேன்.

"போங்கண்ணே" என்று கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.