விரதத்தோடு ஓடிய மகன்

நாங்கள் ரங்கூன் நகரத்தின் பபேடான் பகுதியில் குடியிருக்கிறோம். என் மகன் வேலுவின் ஓட்டத்தைப் பார்த்து, நாங்கள் 'ஸயா', அதாவது வாத்தியார், என்று கூப்பிடும் கல்லூரிப் பயிற்சியாளர் ஊ டின் அவனைத் தேர்வுக்கு அழைத்தார். நெடுந்தூர ஓட்ட அணியில் இடம் பிடித்தால் படிப்புச் செலவைக் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். அதற்காக, அவன் தீமிதிப்பதாக மாரியம்மனுக்கு நான் நேர்ந்துகொண்டேன். காப்புக் கட்டியது முதல் அவனுக்கு இரவில் மட்டும்தான் சோறு.

போன பங்குனியில், கொளுத்தும் வெயிலில் ஏரியைச் சுற்றித் தேர்வு ஓட்டம் நடந்தது. மற்ற பையன்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். வேலு கடைசியாகத் தள்ளாடிக்கொண்டு வந்தான். ஓடிப்போய்ப் பிடித்தேன். உடம்பு அனலாய்க் கொதித்தது. ஒரு பொட்டு வியர்வை இல்லை. என்னையே பார்த்து, "நீங்க யாரு?" என்றான்.

நல்லவேளை, பக்கத்தில் ஐஸ் வண்டி நின்றது. ஊ டின் ஐஸை அள்ளி அவன் தலையிலும் கழுத்திலும் வைத்துக்கொண்டே, "காலையில என்ன சாப்பிட்டான்?" என்று பர்மிய மொழியில் கேட்டார்.

"விரதம் ஸயா. வெறும் தண்ணிதான்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஓடி முடிக்கிற வரைக்கும் தண்ணி தொடக்கூடாதுன்னு நான் சொல்லியிருந்தேனேம்மா!"

அவருக்கு விரதம் தெரியாது. எனக்கு அவர் கட்டளை தெரியாது. சோறும் இல்லாமல், தண்ணீரும் இல்லாமல் ஓடியிருக்கிறான். இரண்டும் தெரிந்தவன் எங்கள் இருவருக்கும் பயந்து வாயைத் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் "அம்மா" என்றான். அதற்குள் நான் செத்துப் பிழைத்தேன்.

அடுத்த தேர்வில் அவனுக்கு இடம் கிடைத்தது. இந்தப் பங்குனியிலும் வேண்டுதல் உண்டு. ஆனால் விரதம் நான் இருக்கிறேன். அவன் சாப்பிட்டுவிட்டு ஓடுகிறான்.