குஞ்சு ஷெட்டில் இரண்டாம் குரல்

போன வாரம் தீவனக் கடையில் ஒருவர் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, "ஏனுங்க, கோழிப் பாட்டுக் கண்டுபிடிச்ச அம்மா நீங்கதானுங்களே?" என்று கேட்டார். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வந்த ஆத்திரத்தில் வாங்கப் போனதை வாங்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை, அது கோழிப் பாட்டும் இல்லை. முன்னூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஒரு மனிதர், கிறிஸ்தவக் கோயிலில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குள் எழுதி முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் எழுதித் தள்ளிய பாட்டு அது. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் உச்சரிப்பைத் திருத்துவதற்கென்றே நாலு பேர் வந்துவிடுவார்கள். மோகனூர்ப் பக்கத்தில் கோழி வளர்க்கிற பொம்பளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்க இன்னும் நாலு பேர்.

எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். காலேஜ் படிப்புக்குச் சேலத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் குடும்பம் தலைமுறையாகத் தோட்டம் வைத்து, மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்து வாழ்ந்த குடும்பம். விடுதியில் சேர்த்ததற்கு ஒரே காரணம், அங்கே சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில், ஆண்களும் பெண்களுமாகப் பாடும் பக்கத்துச் சர்ச் பாடகர் குழுவில் ஆள் குறைந்தது. பாட்டு நடத்திய சிஸ்டர் என்னை ஒரு வரி பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உனக்குக் கீழ்க் குரல், இந்தப் பக்கம் நில்லு" என்று இரண்டாம் குரல் வரிசையில் நிறுத்தினார்.

நாலு குரலில் பாடுகிற பாட்டில் முதல் குரல்காரிகளுக்கு மெட்டு கிடைக்கும். ஆண்களில் அடிக்குரல் பாடுகிறவர்களுக்கு மதிப்பு கிடைக்கும். நடுவில் நிற்கிற எங்களுக்குக் கிடைத்தது, ரெண்டு மூன்று சுரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிற ஒரு வரி. அதைத் தனியாகப் பாடிக் காட்டினால் யாரும் பாட்டு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒருநாள் காய்ச்சல் என்று எங்கள் வரிசையில் மூன்று பேர் வராமல் போனபோது, மொத்தப் பாட்டும் உப்பில்லாத குழம்பாகிவிட்டது. சிஸ்டர் நிறுத்திவிட்டு, "நடுவுல ஓட்டை விழுந்துருச்சு, கேக்குதா?" என்று எல்லாரையும் கேட்டார். அன்றைக்குத்தான் அந்தப் பாட்டை எழுதிய இந்த ஜெர்மன் மனிதரின் வேலை எனக்குப் புரிந்தது. யாரும் கவனிக்காத குரலுக்கும் அவர் ஒழுங்காக வேலை கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு எந்தப் பாட்டைக் கேட்டாலும் என் காது நேராக நடுவுக்குத்தான் போகும்.

கல்யாணமாகி இந்தப் பண்ணைக்கு வந்தபோது அவருடைய பாட்டுகள் இருந்த ஒரே ஒரு கேசட் கொண்டுவந்தேன். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ சமையலறையில் அதைப் போட்டேன். மாமியார் கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"ஏஞ்சாமி, இது வேதக்காரங்க பாட்டாச்சே. நம்மூட்டுல எதுக்கு?"

வேதக்காரர் என்றால் எங்கள் பக்கம் கிறிஸ்தவர்கள். அதட்டவில்லை, திட்டவில்லை. கேசட்டை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். இப்படி அன்பாக அடைத்து வைக்கிறவர்களிடம் என்ன செய்வது?

என் வீட்டுக்காரருக்கு மதம் பற்றியெல்லாம் கவலை இல்லை. "ஒரே இரைச்சலா இருக்குது அம்மிணி, நாலு பேரு ஒரே நேரத்துல கத்தறாங்க" என்பார். அவர் தினமும் டிவியில் விவாதம் பார்ப்பார். அதில் நாலு பேர் ஒரே நேரத்தில் நிஜமாகவே கத்துவார்கள். அது அவருக்கு இரைச்சல் இல்லை. அந்த நாலு பேரையும் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்பார். நான் இயர்போன் மாட்டிக்கொண்டால், கூப்பிட்டால் காது கேட்பதில்லை என்று வீடு முழுக்கப் புகார். ஆக, ஹாலில் டிவிக்கு இடம் இருந்தது, பூஜை அறையில் கந்தனுக்கு இடம் இருந்தது, என் பாட்டுக்கு மட்டும் அத்தனை பெரிய வீட்டில் ஒரு மூலை கிடைக்கவில்லை.

இதற்கிடையில், ஜெர்மனிக்கு வேலைக்குப் போன என் சித்தப்பா மகள் ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டி நிறைய சிடி கொண்டுவந்து கொடுத்தாள். வாத்தியக் குழு வாசித்தது, பாடகர் குழு பாடியது, எல்லாம் அந்த ஒரே மனிதர் எழுதியது. நாமக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அதை எல்லாம் பென் டிரைவில் ஏற்றி வாங்கிக்கொண்டேன். எங்கே வைத்துக் கேட்பது என்று யோசித்தேன். அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

எங்கள் பண்ணையில் குஞ்சு ஷெட் என் பொறுப்பு. ஒருநாள் வயதுக் குஞ்சுகள் வந்து இறங்கினால் முதல் சில வாரம் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். உள்ளே போகிறவர்கள் தனிச் செருப்பு போட்டு, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்து, கதவைத் திறக்கும் முன் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திறப்போம். திடீரென்று சத்தம் கேட்டால் குஞ்சுகள் மிரண்டு ஒரு மூலைக்கு ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அடியில் மாட்டியது மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அதனால் பல பண்ணைகளில் ரேடியோவைப் பாடவிட்டுப் பழக்குவார்கள். எந்தச் சத்தமாக இருந்தாலும் போதும், சீராக இருந்தால் சரி. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்துகொண்டே வீட்டுக்காரரிடம், "இந்தப் பாட்டு போட்டா குஞ்சுக அமைதியா இருக்குதுங்க" என்றேன்.

"அப்படிங்களா? அப்பப் போடு அம்மிணி" என்று உடனே ஒரு ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தார். எனக்காக என்று கேட்டு வராத ஸ்பீக்கர், குஞ்சுக்கு என்றதும் மறுநாள் காலையில் வந்து இறங்கிவிட்டது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

சில வருஷம் அப்படியே ஓடியது. காலை பத்து மணிக்குமேல் தீவனத் தட்டைப் பார்த்து, தண்ணீர் மாற்றி, அந்த மஞ்சள் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்பேன். ஒரே பாட்டு என்னிடம் மூன்று பதிவில் இருந்தது. ஒன்று ஊரே கூடிப் பாடுவதுபோலப் பெரிய குழு, நிதானமாகப் போகும். இன்னொன்றில் மொத்தமே பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள், பழைய காலத்து வாத்தியங்களோடு வேகமாக ஓடும். மூன்றாவதில் முதல் குரல் ஜொலிக்கும், இரண்டாம் குரலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மைக்கை எங்கே கொண்டுபோய் வைத்தான் அந்தப் புண்ணியவான் என்று ஒவ்வொரு முறையும் எரிச்சல் வரும். அப்போதெல்லாம் விட்டுப்போன வரியை நானே பாடி நிரப்புவேன். குஞ்சுகள் ஒன்றும் சொன்னதில்லை.

வினை என் பொய்யிலிருந்துதான் வந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, பாட்டைக் கேட்காமல் குஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "சாவு கொறையுதுங்களா? எடை கூடுதுங்களா?" என்பார்கள். இது என்ன பாட்டு, யார் பாடுவது, நன்றாக இருக்கிறதே என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டதில்லை. என் கொழுந்தனார் அதைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார். நாமகிரிப்பேட்டை வரைக்கும் அந்தப் பாட்டை அனுப்பச் சொல்லிக் கேட்டார்களாம். வீட்டில் எல்லாரும் எனக்கு ஏதோ பட்டம் கிடைத்தது போலப் பேசினார்கள்.

போன மாதம் ஒரு வாரம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். காலையில் ஷெட் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனதும் நின்றுவிட்டேன். வயலின் இருந்தது, தாளம் இருந்தது. பாட்டு வர வேண்டிய இடத்தில் ஆளே இல்லை. குரல்கள் இருந்த இடத்தில், தொட்டித் தண்ணீருக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல ஒரு கறை மட்டும் வந்து வந்து போனது. கொஞ்ச நேரத்தில் முதலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடியும் அதே துண்டு. மறுபடியும்.

கொழுந்தனார் அங்கேதான் தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரர்.

"எல்லாரும் கேட்டாங்கன்னு நல்லதா ஒண்ணு ரெடி பண்ணுனனுங்க அண்ணி" என்றார் கொழுந்தனார். "ஆளுக கத்தற எடத்துல குஞ்சு மெரளும்னு சொன்னாங்க. அதான் கொரலை எடுத்துட்டு மியூசிக்கை மட்டும் வெச்சுட்டேன். இப்ப அதுக்கெல்லாம் ஆப் இருக்குதுங்க. பென் டிரைவுல பழசையெல்லாம் அழிச்சுட்டு இதையே ஏத்திட்டேன்."

அங்கேயே அந்த ஸ்பீக்கரைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் குஞ்சு ஷெட்டில் எதையும் திடீரென்று ஆரம்பிக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. சத்தத்தை ஒவ்வொரு புள்ளியாகக் குறைத்தேன். அதற்கு ஆன நேரம் என் ஆயுசில் பாதி. சண்டையையும் நாங்கள் கிசுகிசுவென்றுதான் போட்டோம்.

"யாரைக் கேட்டு அழிச்சீங்க?"

"என்ன அம்மிணி, பாட்டு அதேதானே? இரைச்சலைத்தானே எடுத்தாங்க" என்றார் வீட்டுக்காரர். "வேணும்னா அந்த சிடியிலிருந்து மறுக்கா ஏத்திக்க. குஞ்சுக்கு இது போதும். பாரு, எவ்வளவு அமைதியா இருக்குது."

பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். குஞ்சுகளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தின்றன, குடித்தன, கால் நீட்டித் தூங்கின. எனக்கு அதுதான் தாங்கவில்லை. இவ்வளவு காலமும் இந்தக் குஞ்சுகளைச் சாக்கு வைத்து, நானே அந்த மனிதரின் பாட்டைக் கோழி மருந்தாக்கி வைத்திருந்திருக்கிறேன். மருந்தென்றால் வேண்டாததை வடிகட்டத்தான் செய்வார்கள்.

"குஞ்சுக்காக நான் போடலைங்க" என்றேன். "ஒரு நாளும் குஞ்சுக்காகப் போடலை. எனக்காகப் போட்டேன். எனக்குக் கேக்கோணும்னுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்."

கொழுந்தனார் குழாயை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது.

"இத்தனை வருசமா எங்கிட்டப் பொய்யா? எனக்குத்தான் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருப்பீங்க."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு குனிந்து, தம்பி விட்டுப்போன குழாயைத் திருகி மூடினார்.

"ஆமா" என்றார். "சொல்லியிருப்பேன்."

அந்த நேர்மைக்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மன்னிக்கவில்லை. கோபம் இன்னும் அதிகமானது. தெரிந்தேதான் இருந்திருக்கிறது எல்லாருக்கும். கேட்டால் கிடைக்காது என்று எனக்குத் தெரியும், கேட்டால் கொடுத்திருக்க மாட்டோம் என்று அவருக்கும் தெரியும். நடுவில் குஞ்சுகளை நிறுத்தி நாங்கள் இருவரும் நல்ல புருஷன் பெண்டாட்டியாக இருந்திருக்கிறோம்.

மறுநாள் பகல் பதினோரு மணி. பீரோவில் இருந்த சிடிப் பெட்டியை எடுத்தேன். ஹாலில் டிவியை அணைத்தேன். மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "கொஞ்ச நேரம் அத்தை" என்றேன். ஷெட்டிலிருந்து தூக்கி வந்த ஸ்பீக்கரை டிவிக்குப் பக்கத்திலேயே வைத்து, டிவிக்கு அடியில் இருந்த சிடி பிளேயரோடு இணைத்து, அந்தப் பெரிய குழு பாடும் பதிவைப் போட்டேன். முதலில் வயலின்கள் மெதுவாக வரும், ரொம்ப நேரம் வரும், அதற்குப் பிறகுதான் குரல்கள். வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பண்ணைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வயலின் முடிவதற்குள் பக்கத்துத் தோட்டத்து அக்கா வேகவேகமாக வாசலேறி வந்தார். முந்தானையை வாயில் பொத்தியிருந்தார். பெரிய தலைவர்கள் இறந்தால் ரேடியோவிலும் டிவியிலும் இப்படித்தான் இழுத்து இழுத்து வாசிப்பார்கள். அவர் வேறு என்ன நினைப்பார்?

"என்னங்க, ஆருக்கு என்ன ஆச்சு? ரோட்டுக்கே கேக்குது. பெரியம்மா நல்லாத்தானே இருக்கறாங்க?"

பெரியம்மா என்றது என் மாமியாரை. நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்து நின்று சொன்னார்: "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அடுத்த வாரம் புதுக் குஞ்சு எறங்குது. பாட்டு சரியா இருக்குதான்னு போட்டுப் பாக்கறோம்."

குரல்கள் நாலும் அப்போதுதான் உள்ளே நுழைந்தன.

"பொய்யிங்கக்கா" என்றேன். "குஞ்சுக்கு இல்ல. நான் கேக்கறேன். எனக்கு இந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும்."

அக்கா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அப்படிங்களா... அப்ப சத்தத்தைக் கொஞ்சம் கொறச்சுக்கலாமில்லீங்க?" என்றார்.

"மாட்டேனுங்க" என்றேன்.