வியாழக்கிழமைத் தபாலுக்கு முன்னால் பீர்மேடு

எழுபதுகளின் நடுவில், ஓர் ஆடி மாத வியாழக்கிழமை, தபாலை முந்துவதற்காக நான் பாலக்காட்டிலிருந்து பீர்மேட்டுக்குப் போனேன். காரணம் ஓர் அயர்லாந்துப் புத்தகம்.

அப்போது நான் கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலையில் ஸ்டோர் கீப்பர். தன் ஏழைப் பிள்ளைப்பருவத்தைப் பற்றி அயர்லாந்துக்காரர் ஒருவர் எழுதிய புத்தகம் கையில் கிடைத்தது. சம்பளத்தைக் குடித்துத் தொலைக்கும் அப்பா, பழைய தேயிலையையே மறுபடி மறுபடி கொதிக்கவிடும் அம்மா. முதலில் கோபம்தான் வந்தது. பெற்றவளை இப்படியா சந்தியில் நிறுத்துவது? மூன்றாம் நாள் நானே எழுத உட்கார்ந்துவிட்டேன். பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் என் அம்மா, தலையில் போடும் கொங்காணிக்குள் ஒரு பிடி கொழுந்தை ஒளித்துக் கொண்டுவந்து சட்டியில் வறுத்ததை எழுதினேன். ஒரு வார இதழ் என் பெயரோடு போட்டது. பெருமை தாங்காமல், இந்த வார இதழில் வருகிறது என்று அம்மாவுக்கு முன்கூட்டியே கடிதமும் போட்டிருந்தேன்.

புதன்கிழமை, உடன் வேலை செய்த சுப்பிரமணி படித்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, உங்கம்மா இன்னும் அந்த எஸ்டேட்லதானுங்க இருக்காங்க?"

அப்போதுதான் உறைத்தது. அயர்லாந்துக்காரர் தன் அம்மா செத்த பிறகு எழுதியிருந்தார். என் அம்மாவோ தினமும் காலையில் வேலைக்கு ஆளெடுக்கும் பெரட்டில் நின்று பேர் கொடுப்பவள். திருட்டு என்று தெரிந்தால் வேலையும் போகும், எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். எஸ்டேட் கிளப்புக்கு அந்த இதழ் ஒரே பிரதி வரும், வியாழன் மதியம் இரண்டு மணித் தபாலில். வேறு யாரும் பிரிப்பதற்குள் அதை நான் எடுத்துவிட வேண்டும்.

பாலக்காட்டில் காலை 4.00 மணி பஸ். கோட்டயம் 10.00. அங்கிருந்து பீர்மேடு சுமார் 75 கி.மீ., மூன்று மணி நேரம். முண்டக்கயத்தில் டயர் போனது. "ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க சாரே" என்றார் கண்டக்டர். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு டயர் பக்கத்திலேயே நின்றேன். ஒரு மணி பத்து நிமிடம் போயிற்று.

ஜீப் பிடித்துக் கிளப்புக்குப் போனபோது 2.40. மேசையில் இதழ் இல்லை. "ஒங்கம்மா அரைநாள் லீவு போட்டு வந்து வாங்கிட்டுப் போயிட்டாகளே" என்றார் செயலாளர். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது; என் கடிதங்களைப் போலவே இதையும் யாரிடமாவது கொடுத்துத்தான் வாசிக்கச் சொல்வாள். லயத்துக்கு ஓடினேன்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். "பக்கத்து வீட்டு மரியா வாசிச்சா. அவ வெளிய சொல்ல மாட்டா. பொஸ்தகத்த அடுப்புல வச்சிட்டேன்."

நான் அடுப்புக்குள் குனிந்து பார்த்தேன். சாம்பல்தான் இருந்தது.

"தேயிலை கெடக்கட்டும்லே. நீ பசியில அழுதேன்னு எழுதிருக்கியாமே. நீ ஒருநாளும் அழல. சும்மா படுத்துக் கெடப்ப. அதப் பாத்து நாந்தாம்லே அழுதேன்."

அம்மா இப்போது இல்லை, அதனால் எழுதுகிறேன். பீர்மேட்டுக்குப் போகிறவர்கள் கோட்டயத்தில் காலையிலேயே பஸ் ஏறிவிடுங்கள். மதியத்துக்கு மேல் மலையில் பனி இறங்கிவிடும். வீட்டைப் பற்றி எழுதும் எண்ணமிருந்தால் முதலில் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். அழுதது யார் என்றே எனக்குத் தெரியாமல் இருந்தது.