மருந்தில் தண்ணீர்

பால்காரரையே நம்பாதவள் நான். கம்பவுண்டரையா நம்புவேன்? ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் டாக்டரிடம் போனால் பாட்டிலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் ஒரு சின்ன ஜன்னலுக்குப் பின்னால் மருந்தைக் கலந்து ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் காகிதப் பட்டையைப் பாட்டிலில் ஒட்டித் தருவார். உள்ளே அவர் என்ன செய்கிறார் என்று யார் கண்டது?

என் வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா. தோல் மண்டித் தூசியில் வேலை முடித்து வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பார். எபிட்ரின் கலந்த அந்த மருந்தை முதலில் குடித்தபோது இழுப்பு சட்டென்று அடங்கியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தினமும் மூன்று வேளை தவறாமல் கொடுத்தேன். ஆனால் மாதம் திரும்புவதற்குள் அதே மருந்து வேலை செய்யவில்லை. ஒருநாள் உதடு நீலம் பாரித்துவிட்டது. மனுஷன் கையைவிட்டுப் போய்விடுவார் என்றே பயந்தேன். கம்பவுண்டர் தண்ணீர் ஊற்றுகிறார், வேறென்ன?

அடுத்த முறை பாட்டிலைச் சொட்டு ஈரமில்லாமல் வெயிலில் காயவைத்துக் கொண்டுபோய், ஜன்னலுக்குள் தலையை நீட்டினேன்.

"என்னம்மா அம்புட்டு உத்துப் பாக்குறீக?" என்றார் கம்பவுண்டர்.

"சும்மாதாண்ணே."

நாக்கில் தொட்டால் அதே கசப்பு. நிலவேம்பைக் காய்ச்சி ஊற்றினாலும் கசக்கத்தானே செய்யும்? கடைசியில் வீட்டுக்காரருடைய ஒரு வேளை மருந்தை நானே குடித்துப் பார்த்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. கை நடுங்கி, டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அப்படியென்றால் தண்ணீர் இல்லை, வேறு எதையோ கலக்கிறார்.

பாட்டிலோடு டாக்டர் முன்னால் போய் நின்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மருந்து ஒண்ணுதாம்மா. உங்க உடம்புக்குப் புதுசு, அவருக்குப் பழசு. உடம்புல இருக்குற செல்லுக்கு மேல மருந்தை வாங்கிக்கிற இடம்னு ஒண்ணு இருக்குங்குறாங்க. யாரும் கண்ணால பாத்ததில்ல. ஒரே ஆளு தினமும் மூணு வேளை வந்து கதவைத் தட்டுனா, நீங்க எத்தனை நாளைக்குத் திறப்பீங்க? கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்க. முடியலைன்னா இங்க கூட்டிட்டு வாங்க, ஊசி போடுறேன்."

கண்ணால் பார்க்காத ஒன்றின் மேல் பழியைப் போட்டுக் கம்பவுண்டரைக் காப்பாற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. பாட்டிலைத் துணிப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"ஏ புள்ள, மருந்தை எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்று இழுப்புக்கு நடுவே கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். ஒருநாள் இரண்டுமுறை ஊசிக்கு அழைத்துப் போனேன்.

இடைவெளி போதும், இனி இழுத்தால் ஒரு வேளை கொடுக்கலாம் என்றார் டாக்டர். அடுத்த சாயங்காலமே இழுத்தது. பெட்டியைத் திறந்து, பாதி மிச்சமிருந்த அதே பாட்டிலிலிருந்து ஒரு வேளை ஊற்றிக் கொடுத்தேன். சிறிது நேரத்தில் இழுப்பு அடங்கியது. சுவரை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் அழுதேவிட்டேன்.

அவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இம்புட்டு நாளா இதுல என்னத்தைக் கலந்து குடுத்த?"